அளவு நோட்டிலிருந்து தரவுத்தளத்திற்கு: சிறு தையலகம் ஒன்றிற்கான தரவுத்தளத் திட்டமிடலும் உருவாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

சிறு சேவைத் தொழில்களுக்கான தரவுத்தள முயற்சிகள் பெரும்பாலும் மென்பொருளைத் தெரிவு செய்வதிலிருந்து தொடங்குகின்றன. தொழிலில் ஏற்கெனவே உள்ள கைப்பதிவேடு பழையது என ஒதுக்கப்படுகிறது. இக்கட்டுரை தமிழகத்துச் சிறு தையலகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அட்டவணையின் ஒரு வரிசை உலகில் எந்த ஒன்றைக் குறிக்கிறது என்னும் வினாவே திட்டமிடலின் மையம் என்பதையும், அதற்கான விடையின் பெரும்பகுதி அளவு நோட்டிலேயே இருக்கிறது என்பதையும் விளக்குகிறது. அளவுகளைக் காலக்குறிப்போடு சேமித்தல், தமிழ்ப் பெயர்களை ஒருங்குறியில் தேடுதலும் வரிசைப்படுத்தலும், தரவேண்டிய நாளைக் கணக்கிடுதல், உடலளவுத் தரவைக் காத்தல் ஆகியவை இதன் வழி ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உறவுநிலைத் தரவுத்தளம், இயல்பாக்கம், முதன்மைத் திறவுகோல், அளவு நோட்டு, ஒருங்குறி, தனிநபர் தரவு

முன்னுரை

சிறு நகரக் கடைத்தெருக்களில் இரண்டு மூன்று இயந்திரங்களுடன் இயங்கும் தையலகங்கள் பொருள் விற்கும் கடைகள் அல்ல. வாடிக்கையாளரின் துணியைப் பெற்று, உடலுக்கேற்ப வெட்டித் தைத்து, சொன்ன நாளில் திருப்பித் தருவதே அவற்றின் தொழில். அத்தொழிலின் நினைவு முழுவதும் ஒரு நீள நோட்டில் அடங்கியிருக்கிறது. பெயர், தேதி, அளவுகள், கழுத்தின் வடிவத்தைக் காட்டும் சிறு கோட்டுப்படம், தரவேண்டிய நாள், பெற்ற முன்பணம் ஆகிய அனைத்தும் அதன் ஒரே பக்கத்தில் இருக்கும். பில்லின் ஓரத்தில் துணியிலிருந்து நறுக்கிய சிறு துண்டொன்று குத்தப்பட்டிருக்கும்.

இம்முறை நன்றாகவே இயங்குகிறது. அதன் எல்லைகள் மூன்று இடங்களில் வெளிப்படுகின்றன. நோட்டு நாள் வரிசையில் எழுதப்படுவதால், ஓராண்டு கழித்து வரும் வாடிக்கையாளரின் அளவைத் தேட அவர் முன்பு வந்த நாள் தெரிந்திருக்க வேண்டும். எழுதியவரே வாசிக்கக்கூடிய சுருக்கக் குறிகள் நிறைந்திருப்பதால், உரிமையாளர் ஊரில் இல்லாத நாளில் கடை பாதி ஊமையாகிவிடுகிறது. தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்கு இதுவரை எத்தனை உருப்படிகள் ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளன என்பது போன்ற தொகை வினாக்களுக்கு நோட்டு விடை தருவதே இல்லை. இவற்றுள் கடைசிக் குறைதான் கடைக்குப் பேரிழப்பைத் தருவது. தைத்து முடியாத துணியோடு திருமண நாளுக்கு முந்தைய மாலையில் வாசலில் நிற்கும் வாடிக்கையாளர் அடுத்த முறை அக்கடைக்கு வருவதில்லை.

ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்த உறவுநிலை மாதிரியும், அதன் மீது பீட்டர் சென் 1976-இல் அமைத்த பொருள்–உறவு மாதிரியும் இன்றும் இத்தகைய சிக்கல்களுக்கு அடிப்படைக் கருவிகளாக உள்ளன. காட்டின் கட்டுரை பெரிய, பலர் பகிரும் தரவு வங்கிகளை நோக்கி எழுதப்பட்டது. எனினும் மூன்று இயந்திரங்கள் கொண்ட கடைக்கும் அதன் கருத்து அப்படியே பொருந்துகிறது. தரவின் அளவு குறைவதால் தரவின் சிக்கல் குறைந்துவிடுவதில்லை.

நோட்டை வாசித்தல்

திட்டமிடலின் முதற்பணி உரிமையாளரிடம் 'என்னென்ன வேண்டும்' எனக் கேட்பதன்று. அவ்வினாவிற்குப் பெரும்பாலும் வேறொரு கடையில் பார்த்த மென்பொருளின் திரைகளே விடையாக வரும். அதற்கு மாறாக, ஓராண்டு நோட்டைப் பக்கம் பக்கமாக வாசிப்பது பயன் தரும். எவை எழுதப்பட்டுள்ளன என்பதோடு, எவை அடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டுள்ளன, எவை ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டுள்ளன என்பதும் கவனத்திற்குரியன. ஓரக்குறிப்புகள்தாம் நோட்டின் வடிவத்திற்குள் அடங்காத தகவல்கள். தரவுத்தளத்தில் தனி இடம் கோருபவையும் அவையே.

சான்றாக, பெயருக்கு அருகில் 'பால்கார வீடு', 'பள்ளி டீச்சர்', 'மாடி வீட்டு அக்கா' போன்ற குறிப்புகள் காணப்படும். ஒரே தெருவில் நான்கு செல்விகள் இருக்கும் ஊரில் கடை தன் வாடிக்கையாளரைப் பிரித்தறியும் முறை இதுவே. குடும்பப்பெயர், முதற்பெயர் என இரு கட்டங்கள் கொண்ட ஆயத்தப் படிவங்கள் இதனை அறியா. தமிழ்ப் பெயரின் முன்னெழுத்தும் இயற்பெயரும் அக்கட்டங்களில் பொருந்தாமல் இடம் மாறி நிற்கும். ஆகவே முன்னெழுத்து, பெயர், அடையாளக் குறிப்பு என மூன்று பண்புக்கூறுகளை அமைப்பது இவ்வூர்ப் பழக்கத்திற்கு ஏற்றது. அடையாளக் குறிப்பு கடைக்குள் மட்டும் காட்டப்பட வேண்டியது. பில்லில் அச்சாகக் கூடாது.

ஒரு வரிசை எதைக் குறிக்கிறது

நோட்டின் ஒரு பதிவு 'செல்வி – 3 ஜாக்கெட், 1 சுடிதார் – வெள்ளி – ரூ. 300 அட்வான்ஸ்' என அமைந்திருப்பதாகக் கொள்ளலாம். இது ஒரே வரி. இதனை அப்படியே ஒரு வரிசையாக்கி, விரிதாளில் பதிவதே பலரும் செய்வது. ஆனால் விசாரித்தால், மூன்று ஜாக்கெட்டுகளில் இரண்டு செல்விக்கு, ஒன்று அவர் மாமியாருக்கு, சுடிதார் மகளுக்கு எனத் தெரியவரும். இரண்டு உருப்படிகள் வெள்ளியன்று முடிந்துவிடும். ஒன்று லைனிங் துணி வராமையால் தங்கிவிடும். முன்பணம் முழு வேலைக்கும் பொதுவானது. ஆகவே அந்த ஒரு வரிக்குள் ஓர் ஆணை, நான்கு உருப்படிகள், மூன்று அணிபவர்கள், ஒரு பணவரவு ஆகியன ஒடுங்கியுள்ளன.

இவ்விடத்தில் எடுக்கப்படும் முடிவே பின்னர் வரும் அனைத்தையும் தீர்மானிக்கிறது. வாடிக்கையாளர் என்பவர் துணியைக் கொடுத்துப் பணம் செலுத்துபவர். அணிபவர் என்பவர் அளவிற்கு உரியவர். பல நேரங்களில் இருவரும் ஒருவரே. ஆனால் கருத்தளவில் வேறானவர்கள். இருவரையும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டால், மகளின் அளவு தாயின் பெயரில் ஏறும். அடுத்த முறை தாய்க்கு அந்த அளவில் துணி வெட்டப்படும். வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாது. கடனட்டை நிறுவனத்தின் தரவுப்பிழையைத் திருத்திவிடலாம். பட்டுத்துணியில் விழுந்த கத்தரியைத் திருத்த இயலாது.

ஆகவே வாடிக்கையாளர், அணிபவர், ஆணை, உருப்படி, அளவுத்தாள், பணவரவு, தையற்காரர் ஆகியவை தனித்தனி அட்டவணைகளாகின்றன. ஒரு வாடிக்கையாளருக்குப் பல அணிபவர். ஓர் ஆணைக்குப் பல உருப்படிகள். ஒவ்வோர் உருப்படியும் ஓர் அணிபவரையும் ஓர் அளவுத்தாளையும் அயல் திறவுகோல் வழியாகச் சுட்டும். மீதித்தொகைக்குத் தனிப் புலம் வேண்டியதில்லை. உருப்படிகளின் விலைக் கூட்டுத்தொகையிலிருந்து பணவரவுகளின் கூட்டுத்தொகையைக் கழித்து வினவலின்போதே அதனைப் பெறலாம். மீதியைத் தனியே சேமித்தால் என்றேனும் ஒருநாள் அது கூட்டலோடு முரண்படும். முரண்பட்டபின் எது சரி என்பதைச் சொல்ல யாராலும் இயலாது.

முதன்மைத் திறவுகோலாகக் கைப்பேசி எண்ணைக் கொள்ளும் ஆசை பலருக்கும் எழும். அது தவிர்க்கப்பட வேண்டியது. ஒரு வீட்டுப் பெண்கள் அனைவரும் ஒரே எண்ணைத் தருவதுண்டு, சிலர் கணவரின் எண்ணைத் தருவர், எண்கள் மாறும், கைவிடப்பட்ட எண்கள் பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படும். பில் எண்ணும் இதே போன்றதே. நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலில் அது மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். பொருளற்ற ஓர் எண்ணைத் திறவுகோலாக வைத்து, கைப்பேசி எண்ணைத் தேடலுக்குரிய பண்புக்கூறாக மட்டும் வைப்பதே பாதுகாப்பானது.

அளவு என்னும் தரவு

தையலகத் தரவுத்தளத்தின் சிறப்பான சிக்கல் அளவுத்தாளில் உள்ளது. பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அது திருத்தப்படும். பழைய வடிவத்திற்குப் பயனில்லை. அளவு அத்தகையதன்று. சென்ற ஆண்டு எடுத்த மார்பளவும் இவ்வாண்டு எடுத்த மார்பளவும் இரண்டும் உண்மை. ஒவ்வொன்றும் அதனதன் நாளில் உண்மை. புதியதைப் பழையதன் மேல் எழுதினால், சென்ற ஆண்டு தைத்த ரவிக்கை எந்த அளவில் தைக்கப்பட்டது என்பது மறைந்துவிடும். 'போன தடவை தைத்தது சரியாக இருந்தது, அதேபோல் தையுங்கள்' என்பதே வாடிக்கையாளரிடமிருந்து மிகுதியாக வரும் அறிவுறுத்தல் என்பதை எண்ணினால், இவ்விழப்பின் அளவு விளங்கும். ஆகவே அளவுத்தாள் எடுத்த நாளோடு சேமிக்கப்பட வேண்டும். ஒருமுறை துணி வெட்டப்பட்டபின் அத்தாள் திருத்தத்திற்கு மூடப்பட வேண்டும். மாற்றம் தேவையெனில் புதிய தாள் எழுதப்படும்.

அளவுகளை எப்படி அடுக்குவது என்பதில் இருவழிகள் உள்ளன. தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச்சுற்று, முன்கழுத்து இறக்கம், பின்கழுத்து இறக்கம் என ஒவ்வொன்றிற்கும் ஒரு நெடுவரிசை அமைப்பது ஒன்று. இதில் ரவிக்கைக்குரிய நெடுவரிசைகள் சட்டைக்கு வெற்றிடமாகும். புதிய ஆடைவகை வரும்போதெல்லாம் அட்டவணையின் வடிவத்தையே மாற்ற நேரும். அளவின் பெயர், அளவின் மதிப்பு என ஓர் அளவுக்கு ஒரு வரிசை எழுதுவது மற்றொன்று. இது நெகிழ்வானது, ஆனால் விடுபட்ட அளவைத் தரவுத்தளம் தானே கண்டறிவது கடினமாகும். பெரிய நிறுவனங்களில் இரண்டாம் வழியைக் கண்மூடிப் பின்பற்றுவது இடர் தருவதென்பர். தையலகத்தைப் பொறுத்தவரை, எந்த ஆடைவகைக்கு எந்தெந்த அளவுகள் கட்டாயம் என்பதைக் கூறும் சிறு அட்டவணை ஒன்றைச் சேர்த்துக்கொண்டு இரண்டாம் வழியை ஏற்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. கை நீளம் எழுதாமல் ரவிக்கைத் தாளை மூட முயன்றால், அவ்வட்டவணையைக் கொண்டு செயலி தடுத்துவிடும்.

அளவின் அலகும் கருதத்தக்கது. தையற்காரர் 'முப்பத்து நாலே முக்கால்' என்பார். 'அரைக்கால் கூட்டு' என்பார். அங்குலத்தை எட்டாகப் பகுக்கும் பழக்கம் அவர் பேச்சிலேயே உள்ளது. எனவே அளவை அரைக்கால் அங்குலங்களின் முழு எண்ணாகச் சேமிக்கலாம். 34¾ அங்குலம் 278 ஆகும். 14¼ அங்குலம் 114 ஆகும். கணினியின் இரும எண்முறையில் பத்தில் ஒன்றைத் துல்லியமாக எழுத இயலாது. எட்டில் ஒன்றை எழுத இயலும். ஆகவே இங்கு முழு எண்ணை வற்புறுத்துவது துல்லியத்திற்காக அன்று, 34.7 போன்ற நாடாவில் இல்லாத அளவுகள் தவறுதலாக ஏறிவிடாமல் தடுப்பதற்காகவே. பணத்திற்கோ துல்லியமே காரணம். அது பைசாவின் முழு எண்ணாக இருத்தல் நலம்.

உடலில் அளவெடுக்காமல், பொருந்திய பழைய ரவிக்கையைக் கொடுத்துவிட்டுப் போவோர் பலர். 'அளவு ஜாக்கெட்' எனப்படும் அது ஒரே நேரத்தில் அளவின் மூலமும் திருப்பித் தரவேண்டிய பொருளும் ஆகிறது. அளவுத்தாளில் 'உடலில் எடுத்தது', 'மாதிரியில் எடுத்தது' என்னும் வேறுபாடு குறிக்கப்பட வேண்டும். ஒப்படைக்கப்பட்ட பொருள்களின் பட்டியலிலும் அது தனி வரிசையாக இடம்பெற வேண்டும். கடையில் இருக்கும் துணிகள் அனைத்தும் பிறர் உடைமை என்பதைத் தரவுத்தளம் மறக்கக் கூடாது.

பில்லில் குத்தும் துணித்துண்டை என்ன செய்வது என்னும் வினா இங்கு எழுகிறது. கைப்பேசியில் எடுத்த நிழற்படத்தை உருப்படியோடு இணைத்துவிட்டால் போதும் என்பர். குழல்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் மாம்பழ மஞ்சளும் சந்தன மஞ்சளும் ஒன்றாகிவிடும். துணித்துண்டோ நிறத்தையும் நெசவையும் பொய்யின்றிக் காட்டும். அதனைக் கைவிடாமல், ஆணை எண் எழுதிய சீட்டோடு சேர்த்துக் குத்துவதே தக்கது. தரவுத்தளம் வந்துவிட்டது என்பதற்காகத் தாள் முழுவதும் வெளியேற வேண்டியதில்லை.

மாறும் விலை, மாறாத பில்

விலைப்பட்டியலில் லைனிங் ரவிக்கையின் தையற்கூலி மாறும்போது, பழைய ஆணைகளின் தொகை மாறக் கூடாது. ஆகவே ஆணை ஏற்கும் வேளையில் பட்டியல் விலை உருப்படியின் வரிசைக்குள் படியெடுக்கப்படுகிறது. இயல்பாக்கம் கற்ற மாணவர் இதனை மிகைத்தரவு எனக் கருதக்கூடும். ஆயினும் 1970-களின் தொடக்கத்தில் காட் வகுத்த இயல்பு வடிவங்கள் எதனையும் இது மீறவில்லை. 'இன்றைய விலை' என்பதும் 'அன்று ஒப்புக்கொண்ட விலை' என்பதும் எண்ணால் ஒன்றாயினும் இருவேறு செய்திகள். உருப்படிக்கு இவ்வளவு எனத் தையற்காரருக்குத் தரும் பீஸ் ரேட் கூலிக்கும் இவ்விதியே பொருந்தும். வாரக்கடைசிக் கணக்கில் மூளும் சச்சரவுகள் பலவும் இந்த வேறுபாட்டைப் பதியாமையால் வருபவையே.

தமிழ்ப் பெயர்களும் தேடலும்

ஒருங்குறியில் தமிழ்ப் பெயரைச் சேமிப்பது இன்று எளிது. தேடிக் கண்டெடுப்பதுதான் கடினம். 'செல்வி' என்பது மூன்று எழுத்து. ஒருங்குறியில் அது ஆறு குறிகள். யூடிஎஃப்-8 குறிமுறையில் 18 பைட்டுகள். புலத்தின் நீளத்தைப் பைட்டுக் கணக்கில் வரையறுக்கும் பழைய செயலிகளில் நீண்ட தமிழ்ப் பெயர் நடுவில் வெட்டுப்படுவதன் காரணம் இதுவே.

'கொ' என்னும் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுத ஒருங்குறி இடமளிக்கிறது. திரையில் வேறுபாடில்லை, பைட்டுகளை ஒப்பிடும் கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். 'கோமதி' என இருமுறை பதிவாகி, அளவு ஒரு பதிவிலும் மீதித்தொகை மற்றொன்றிலும் சிதறிக் கிடக்க இதுவே போதும். சேமிப்பதற்கு முன் ஒவ்வொரு பெயரையும் ஒருங்குறி வரையறுத்த சீர்வடிவத்திற்கு மாற்றினால் இச்சிக்கல் தீரும். ஆனால் 'கௌரி' என்பதை ஔகாரக் குறி இன்றி, ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டச்சிடும் பழக்கம் இதனால் தீராது. அது ஒருங்குறியின் பார்வையில் வேறு எழுத்துகளே. 'ஸ்ரீ' என்பதற்கும் இருவகைக் குறியீட்டு வரிசைகள் வழக்கில் உள்ளன. அவையும் சீர்வடிவத்தால் ஒன்றாவதில்லை. இவற்றோடு கவுசல்யா, கௌசல்யா எனும் எழுத்து வேறுபாடுகளும் உண்டு. எனவே காட்சிக்கு ஒரு பெயர், தேடலுக்கு ஒரு பெயர் என இரண்டைச் சேமிக்கும் உத்தி பரிந்துரைக்கத்தக்கது. வாடிக்கையாளர் எழுதும் வடிவம் பில்லில் மாறாமல் இருக்கும். தேடற்பெயரில் ஒற்றுகளும் குறில் நெடில் வேறுபாடுகளும் ர–ற, ல–ள–ழ, ந–ண–ன வேறுபாடுகளும் ஒன்றாக்கப்படும். இதனால் வேண்டாத பெயர்கள் சிலவும் பட்டியலில் வரும். நான்கு பெயர்களில் ஒன்றைத் தெரிவு செய்வது, இருக்கும் பெயரைக் காணாமல் புதிதாகப் பதிவதைவிட மேலானது.

அகரவரிசையும் தானே அமைவதில்லை. ஒருங்குறியின் தமிழ்ப்பகுதி இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த இஸ்கி குறிமுறையின் ஒழுங்கைப் பின்பற்றியது. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. நெடுங்கணக்கிலோ அவை இரண்டும் கடைசியில் வருபவை. புள்ளியின் குறி எழுத்துகளுக்கெல்லாம் பின்னே இருப்பதால், பைட்டு வரிசையில் 'கணபதி' முன்னும் 'கண்ணன்' பின்னுமாக வரும். அகராதி முறையில் மெய் முந்துவதால் 'கண்ணன்' முன்னும் 'கணபதி' பின்னும் வர வேண்டும். தமிழுக்கான ஒப்பீட்டு விதிகளைக் கொண்ட நூலகத்தைத் தரவுத்தளத்தோடு இணைத்தாலன்றி இது சரியாகாது. தமிழறிந்த பயனர் பெயரைத் தம் கண் எதிர்பார்க்கும் இடத்தில் தேடுவார். அங்கு இல்லையெனில் பதிவே இல்லை என முடிவு செய்வார்.

சொன்ன நாள்

உருப்படியின் நிலையை 'பெறப்பட்டது', 'வெட்டப்பட்டது', 'தைக்கப்பட்டது', 'காஜா, ஹெம்மிங் முடிந்தது', 'தரப்பட்டது' என ஒரே புலத்தில் மாற்றி எழுதுவது எளிய வழி. ஒவ்வொரு நிலைமாற்றத்தையும் நேரத்தோடும் செய்தவர் பெயரோடும் தனி வரிசையாக எழுதுவது மற்றொரு வழி. இரண்டாவது வழியே ஆல்டர் செய்யத் திரும்பி வந்த உருப்படியைத் தெளிவாகக் காட்டும். ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நிமிடக் கணக்கில் பதியப்படும் நிலைமாற்றம் தையற்காரரைக் கண்காணிக்கும் கருவியாக விரைவில் மாறிவிடும். உருப்படிக் கூலி பெறுபவரின் நேரத்தை அளப்பதற்குக் கடைக்குத் தேவை ஏதுமில்லை. நாளளவில் பதிந்தால் போதுமானது.

இத்தரவின் முதன்மைப் பயன் ஆணை ஏற்கும் மேசையில் கிடைக்கிறது. மூன்று தையற்காரர்கள் நாளொன்றுக்கு நான்கு ரவிக்கை வீதம் தைப்பதாகக் கொண்டால் கடையின் ஆற்றல் 12 ஆகும். ஒரு நாளுக்கு ஏற்கெனவே 17 உருப்படிகள் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால், அடுத்து வருபவரிடம் அந்நாளைச் சொல்லக் கூடாது என்பதைத் திரை காட்டிவிடும். லைனிங் ரவிக்கையும் சாதாரண ரவிக்கையும் ஒரே உழைப்பு அல்ல. எனவே ஆடைவகைக்கு ஓர் உழைப்பு மதிப்பு தருவது கணக்கை மேம்படுத்தும். இவ்வினவலை எழுத நான்கைந்து வரிகள் போதும். அதற்கு விடை கிடைக்க வேண்டுமாயின், தரவேண்டிய நாள் ஆணைக்கு அன்றி உருப்படிக்கு உரிய பண்புக்கூறாக முன்னரே வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்னும் தொடக்க வினா இங்கு மீண்டும் வந்து நிற்கிறது.

உருவாக்கம்

அட்டவணைகள் தெளிவான பின்னரே மென்பொருள் பற்றிய பேச்சு பொருளுடையதாகிறது. ஒரே மேசையில் ஒருவர் பதியும் கடைக்கு எஸ்கியூலைட் போதுமானது. 2000-இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட இத்தரவுத்தளப் பொறி முழுத் தரவையும் ஒரே கோப்பில் வைக்கிறது. தனி வழங்கி வேண்டியதில்லை. உரிமக் கட்டணம் இல்லை. பதிவின் நடுவில் மின்சாரம் நின்றால் அரைகுறையான மாற்றத்தை விலக்கி முந்தைய நிலைக்குத் திரும்பும். அதே நேரத்தில் இரண்டு இயல்புகள் அறியப்பட வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் தனியே இயக்கினாலன்றி, அயல் திறவுகோல் கட்டுப்பாட்டை அது இயல்பாகச் சரிபார்ப்பதில்லை. எண்ணுக்குரிய புலத்தில் சொல்லை எழுதினாலும், கண்டிப்பான அட்டவணை என அறிவிக்காதவரை ஏற்றுக்கொள்ளும். இவ்விரண்டையும் கவனியாமல் விட்டால், அணிபவர் இல்லாத அளவுத்தாள்களும் 'கேட்டுச் சொல்லணும்' என எழுதப்பட்ட விலைகளும் சேர்ந்துவிடும்.

முதல் வடிவத்தைத் தாளிலேயே சோதிக்கலாம். திட்டமிட்ட அட்டவணைகளைக் கோடிட்ட தாள்களில் வரைந்து, நோட்டின் ஒரு வாரப் பக்கங்களை அவற்றில் எழுதிப் பார்த்தால், இடமில்லாமல் நிற்கும் செய்திகள் உடனே புலப்படும். செயலி எழுதப்பட்டபின் நோட்டும் தரவுத்தளமும் ஒரு மாதமேனும் இணையாக நடைபெற வேண்டும். அம்மாதம் எது என்பதும் முக்கியம். தீபாவளி, பொங்கலுக்கு முன்னும் பள்ளி திறக்கும் ஜூனிலும் புதிய முறையைப் புகுத்துவது தோல்வியை வரவழைப்பதாகும். திருமண வேலை குறையும் ஆடியின் முற்பகுதி இதற்கு உகந்தது. பழைய நோட்டுகள் அனைத்தையும் ஒரேயடியாக ஏற்ற முற்படுவதும் வீண் உழைப்பு. வாடிக்கையாளர் அடுத்த முறை வரும்போது அவருடைய பழைய அளவைத் தேடி எடுத்துப் பதிந்தால், வருவோரின் பதிவுகள் மட்டுமே சேரும்.

காப்புப்படி எடுப்பதைப் பற்றி அனைவரும் கூறுவர். மீட்டுப் பார்ப்பதைப் பற்றிக் கூறுவோர் குறைவு. பதிவு நடந்துகொண்டிருக்கும்போது கோப்பை வெறுமனே படியெடுத்தால் அப்படி பழுதுபட வாய்ப்புண்டு; பொறியின் காப்புப்படி வசதியையே பயன்படுத்த வேண்டும். மாதம் ஒருமுறை அப்படியை வேறொரு கணினியில் திறந்து, நேற்றைய கடைசி ஆணை அதில் இருக்கிறதா எனப் பார்ப்பது சில நிமிட வேலை.

உடலளவும் தனிமையும்

பெயர், கைப்பேசி எண், வீட்டின் அடையாளம், உடலின் அளவுகள் ஆகிய நான்கும் ஒரே கோப்பில் சேரும்போது, நோட்டில் இல்லாத இடரொன்று தோன்றுகிறது. நோட்டைத் திருடுபவருக்கு அதனை வாசிப்பதே அரிது. கோப்பையோ ஒரு நொடியில் படியெடுத்து அனுப்பிவிடலாம். கடையின் வாடிக்கையாளர் பெரும்பாலும் பெண்கள் என்னும் நிலையில் இது சிறிய செய்தியன்று. எஸ்கியூலைட் கோப்பிற்குத் தனியே கடவுச்சொல் கிடையாது. எனவே கணினியின் வட்டையே மறையாக்கம் செய்தல் வேண்டும். வெட்டுபவரின் சீட்டில் உருப்படி எண்ணும் அளவுகளும் மட்டும் போதும். பெயரும் எண்ணும் வேண்டா. துணியைத் தருபவரின் திரையில் பெயரும் மீதியும் போதும், அளவுகள் வேண்டா. அணிபவரையும் வாடிக்கையாளரையும் தனித்தனியே பிரித்த அமைப்பு இங்கும் உதவுகிறது.

இந்தியாவின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. எந்த நோக்கத்திற்காகத் தரவு பெறப்பட்டதோ அந்நோக்கத்திற்கு மட்டும் அதனைப் பயன்படுத்தல், நோக்கம் நிறைவேறியபின் அழித்தல் ஆகியன அதன் அடிப்படைக் கருத்துகள். 18 வயது நிறையாதவரின் தரவிற்குப் பெற்றோரின் ஒப்புதலை அது கோருகிறது. பள்ளிச் சீருடை தைக்கும் கடைக்கு இது நேரடியாகப் பொருந்தும். பண்டிகை வாழ்த்துச் செய்தி அனுப்புவதற்கு அளவு நோட்டின் எண்ணைப் பயன்படுத்தலாமா என்பதும் தனியே கேட்டுப் பெறவேண்டிய ஒப்புதலே.

அழிக்குமாறு ஒருவர் கேட்டால், அவருடைய வரிசையை நீக்குவது பழைய ஆணைகளின் கணக்கைக் குலைக்கும். பெயர், எண், அடையாளக் குறிப்பு ஆகியவற்றை வெறுமையாக்கி, அளவுத்தாள்களை நீக்கி, ஆணையையும் தொகையையும் எண்ணளவில் மட்டும் நிறுத்திக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. அப்பெயர் அதற்கு முந்தைய காப்புப்படிகளில் இருக்கும். ஆகவே காப்புப்படிகளுக்கும் ஆயுள் வரையறுக்கப்பட வேண்டும். எஞ்சுவது அலமாரியின் மேல்தட்டில் அடுக்கியிருக்கும் பழைய நோட்டுகள். எண்ணிம வடிவில் பெற்ற தரவையும் பின்னர் எண்ணிம வடிவிற்கு மாற்றிய தரவையுமே சட்டம் ஆளுகிறது. பதியப்படாமல் தாளிலேயே நின்றுவிட்ட அளவுகள் அதன் எல்லைக்கு வெளியே உள்ளன. எந்த ஆண்டு வரையிலான நோட்டுகளை வைத்திருப்பது, மற்றவற்றை எடைக்குப் போடாமல் எப்படி அழிப்பது என்பதைக் கடை தானே முடிவு செய்துகொள்ள வேண்டியுள்ளது.